தங்கவயலுக்கு ஒரே நாள்: பங்களாப் பக்கமா, மைன் பக்கமா, பேட்டைப் பக்கமா?

"அப்பா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். இப்போது 74 வயது. நடக்க முடிகிறபோதே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும். ஒரு நாள்தான் லீவு. எந்த இடத்துக்குப் போவது?"

கொஞ்சம் மாற்றி மாற்றி இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆம்பூர், குடியாத்தம், திருப்பத்தூர், பெங்களூரு, சென்னை என்று எங்கெங்கோ இருப்பவர்கள். அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னால் அங்கே போய் மண்ணுக்குள் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். என் அம்மாவின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அதனால் இந்தக் கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தங்கவயல் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஊர் இல்லை. தங்க ரேகை வடக்கு தெற்காக ஓடியது. ஊரும் அதன் மேலேயே நீளவாக்கில் வளர்ந்தது. வடக்கே பாலகாட், நந்திதுர்க்கம், நடுவே உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மாரிகுப்பத்தில் மைசூர் மைன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 8 கிலோமீட்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

கதையைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி நில அளவைக்கு வந்தபோது, உரிகம், மாரிகுப்பம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கப்பொடி எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். எழுபது வருடம் கழித்து, பெங்களூரில் குடியிருந்த மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் அதைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தேடி வந்தார். பெங்களூரின் லாவெல் ரோடு அவர் பெயர்தான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி கையில் எடுத்தது. அப்புறம் மைசூர் அரசு, அப்புறம் மத்திய அரசு, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற அரசு நிறுவனம். 2001 பிப்ரவரி 28-ல் மூடினார்கள். இடைப்பட்ட 120 வருடத்தில் வெளியே வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

உள்ளே போக முடியுமா? இங்கே பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்கள் இல்லை. சில கம்பெனி சொத்து, சில தனியார் கையில், சிலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நடை, வெயில், தூசி. கூட வருகிறவரின் முழங்காலும் நுரையீரலும் எப்படி என்று முதலில் பாருங்கள். சுரங்க வேலை செய்தவர் என்றால் நுரையீரல் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பாறைத்தூசி உள்ளே படிந்து வரும் சிலிக்கோசிஸ் தங்கவயல் குடும்பங்களுக்குப் புதிய வார்த்தை இல்லை.

கதை சொல்ல யார் இருக்கிறார்கள்? விளக்கப் பலகைகளை நம்பிப் போகாதீர்கள். ஒரு மனிதர் கிடைத்தால்தான் கல்லும் இரும்பும் பேசும்.

உங்களுக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு? தாத்தா கேஜில் (சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு) இறங்கியவரா, ஆபீஸில் கணக்கு எழுதியவரா, ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தவரா? இதைப் பொறுத்துப் பார்க்க வேண்டிய தெருவே மாறிவிடும்.

இன்னும் எத்தனை நாள் நிற்கும்? எனக்கு இதுதான் மிகவும் முக்கியம். கோயிலும் சர்ச்சும் பத்து வருடம் கழித்தும் இருக்கும். பூட்டிய ஒரு லைன் வீடோ (தொழிலாளர் வரிசை வீடு), பழைய இரும்புக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போகிற ஒரு ஷெட்டோ அடுத்த முறை நீங்கள் வரும்போது இருக்குமா என்று சொல்ல முடியாது.

## ஒன்று: பங்களாப் பக்கம்

உரிகத்தையும் சாம்பியன் ரீஃபையும் ஒட்டிய மேட்டு நிலம் இது. "சின்ன இங்கிலாந்து" என்று வெள்ளைக்காரர்கள் பெருமையாகச் சொன்னது இந்தப் பகுதியைத்தான். அகலமான காம்பவுண்டு, ஓட்டுக்கூரை, நீண்ட வராந்தா, நிழல் மரங்கள். கே.ஜி.எஃப் (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) கிளப், கோல்ஃப் மைதானம், கம்பெனி ஆஸ்பத்திரி, நிர்வாக அலுவலகமான சுவர்ண பவன் எல்லாம் இந்த வட்டாரத்தில் வந்துவிடும்.

கட்டடக் கலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு இதுவே சரியான இடம். நூறு வருடத்துக்கு முந்தைய மரவேலைப்பாட்டையும் கூரை அமைப்பையும் இவ்வளவு அடர்த்தியாகப் பார்க்க பக்கத்தில் வேறு ஊர் இல்லை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்க அதிகாரிகள் தங்கள் ஊர்ச் சாயலைக் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது வீடுகளைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே நீளமான மின்கம்பித் தடங்களில் அது ஒன்று. பெங்களூருக்கே மின்சாரம் வந்தது அதற்குப் பிறகுதான். அது வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. அந்த வெளிச்சம் வீடு என்ற அளவில் முதலில் எட்டியது இந்த பங்களாக்களை.

செலவு என்று பார்த்தால், பணத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் ஆகும். கிளப் உறுப்பினர்களுக்கானது, தெரிந்த உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் உள்ளே போவது நிச்சயம். பங்களாக்களைத் தெருவிலிருந்து பார்ப்பதோடு சரி. ஒருமுறை நாங்கள் ஒரு கேட்டுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்ததற்கே காவலுக்கு இருந்தவர் வந்து அழிக்கச் சொன்னார். அவர் வேலையை அவர் செய்தார். ஆனால் ஐந்து மணி நேரம் பயணம் செய்து வந்த பெரியவர் அந்த கேட்டில் நிற்கும்போது முகம் எப்படி ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் வேலை செய்த காலத்தில் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போக முடியாதவராக இருந்தால்.

*எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்:* கூட வருகிறவர் அதிகம் நடக்க முடியாதவர், காரில் உட்கார்ந்தபடியே பார்த்தால் போதும் என்றால். உங்கள் குடும்பம் ஆபீஸ், ஆஸ்பத்திரி வேலையில் இருந்தது என்றால். ஓவியம், கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் கூட வந்தால்.

## இரண்டு: மைன் பக்கம்

சாம்பியன் ரீஃபில் ஆரம்பித்து மாரிகுப்பம் வரை. மேலே பார்த்தால் ஹெட்கியர்கள். கேஜைக் கயிற்றில் இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்கள். கேஜ் இறங்கும் செங்குத்துக் குழிதான் ஷாஃப்ட். கிஃபோர்டு ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துரையின் பெயர். அந்தப் பெயர்களைத் தங்கவயல் தமிழர் வாயில் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதற்கு ராக்பர்ஸ்ட் என்று பெயர். மேலே வீட்டில் பாத்திரம் ஆடினால், அன்று கீழே ஷிப்டில் இருப்பது யார் என்றுதான் பெண்கள் முதலில் கேட்பார்களாம். அம்மா சொல்லக் கேட்டது.

இதே ஆழத்தை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் தடத்தைப் பிடித்தார்கள். உலகில் அதை முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் உண்டு. நாம் நடக்கிற செம்மண் தடத்துக்கு நேர் கீழே நடந்த வேலை அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அந்த இடத்திலேயே நின்று சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பக்கத்தை நான் சொல்வதற்குக் காரணம் ஹெட்கியர் இல்லை. லைன்கள்.

லைன் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை. ஆரம்பத்தில் மூங்கில் தட்டியை நிறுத்திக் கீற்று வேய்ந்த தட்டி வீடுகள். பிறகு கம்பெனி கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வரிசைகள். பத்துக்குப் பத்து அறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, தெருமுனையில் பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை. இரண்டு மைல் தள்ளி பங்களாவில் மின்விசிறி சுற்றிய காலத்தில் இங்கே எட்டுப் பேர் அந்த ஓர் அறையில், ஷிப்டுக்கு ஷிப்டு மாறிப் படுத்துத் தூங்கினார்கள். கையால் மலம் அள்ளும் கொடுமை இந்த ஊரில் இந்த நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. மரபுக் கட்டடம் என்று பட்டியல் போடுகிறவர்கள் கிளப்பை எழுதுகிறார்கள், பங்களாவை எழுதுகிறார்கள். இந்த வரிசை வீடுகளை எழுதுவதில்லை. 800 டன் தங்கத்தை எடுத்தவர்கள் தூங்கிய இடம் இது. எனக்கு இதைவிடப் பெரிய மரபுச் சின்னம் அந்த ஊரில் இல்லை.

அம்மாவைக் கூட்டிப்போன அன்று, லைனின் பெயர் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. கார் போக முடியாத ஒரு சந்தில் இறங்கி நடந்தோம். வீட்டு வாசல்களில் செடிக்குப் பாத்தி கட்டியிருந்தார்கள். செங்கல்லால் இல்லை, முழங்கை நீளத்துக்கு உருளை உருளையாக வழவழப்பான கருங்கல். பாறைக்குள் துளை போட்டு எடுத்துப் பார்த்த மாதிரிக்கற்கள் அவை. எத்தனையோ ஆயிரம் அடி கீழே இருந்த பாறை, இங்கே துளசிச் செடிக்கு வரப்பாக நிற்கிறது. அம்மா குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். திண்ணையில் பயறு உரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து, "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? அப்பா எந்த மைன்ல இருந்தாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. தாத்தா வீட்டு எண் நிலைப்படிக்கு மேலே தாரில் எழுதியபடி இன்னும் இருந்தது. வேறு குடும்பம் இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

இந்த லைன்களிலிருந்துதான் 1930-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய முயன்றதை, குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள் என்று எதிர்த்த போராட்டம் அது. 1946 நவம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குச் சென்னைக்கு அடுத்துப் பலமாக வேர் பிடித்த இடமும் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப்தான். அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பிறகு 1926-ல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகளைப் புத்தகமாக்கிக் காப்பாற்றியதும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசில் நடந்த அச்சுவேலை. தமிழ்ச் சமூக வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் இந்தத் தெருக்களில் நடக்காமல் திரும்பக் கூடாது.

சாம்பியன் ரீஃபில் வெற்றி அன்னை ஆலயம் என்ற சர்ச் இருக்கிறது. லைன் பார்த்த களைப்புக்கு உள்ளே கொஞ்ச நேரம் உட்காரலாம்.

சரி, மறைமுகச் செலவுகள். இந்தப் பக்கத்துக்குத்தான் அவை அதிகம்.

முதலாவது, சயனைட் மலைகள். தாதுக்கல்லை அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் குவித்த மேடுகள். மொத்தம் 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல் மண். தூரத்தில் இருந்து பார்க்கச் சாம்பல் நிறத்தில் மேசை மாதிரி தட்டையாக, அழகாகத்தான் இருக்கும். சினிமாக்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள். மேலே ஏறாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். காற்றுக் காலத்தில் அந்த மண் மாவு மாதிரி பறக்கும். ஊரார் இருமலோடு வாழ்வதில் அந்தத் தூசிக்கும் பங்கு உண்டு. மாஸ்க் இல்லாமல் போக வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் மழை முடிந்து மண் இறுகியிருக்கும் மாதங்களாகப் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது, பள்ளங்கள். மூடாத பழைய ஷாஃப்ட் வாய்கள் புதர் மறைவில் இருக்கலாம். வேலி தாண்டிப் போவது உயிரோடு விளையாடுவது. ஹெட்கியர்களை வேலிக்கு வெளியே இருந்து பார்த்தாலே போதுமான அளவு தெரியும். அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை. இந்தப் பக்கம் நல்ல ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள். வயதான பெண்களைக் கூட்டிப்போகிறவர்கள் கழிப்பறையை முன்னாலேயே யோசித்துவிடுங்கள். பேட்டையில் இறங்கி முடித்துக்கொண்டு வருவது நல்லது.

நான்காவது, மனசு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்த ஊர் இது. வீட்டுப் பட்டா பிரச்சினை வருடக்கணக்கில் இழுத்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தால், "எதுக்கு எடுக்கறீங்க?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். முதலில் பேசுங்கள், அப்புறம் கேட்டுவிட்டு எடுங்கள்.

*எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்:* தாத்தாவோ அப்பாவோ மைனில் இறங்கியவர் என்றால் வேறு யோசனையே வேண்டாம். லைன் பெயர் மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.

## மூன்று: பேட்டைப் பக்கம்

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. இரண்டும் வெள்ளைக்கார அதிகாரிகள் பெயரைத் தாங்கிய கடைவீதிகள். சுரங்கம் மூடியும் உயிரோடு இருப்பது இந்தப் பகுதிதான். மார்க்கெட், நகைக்கடை, துணிக்கடை, கோயில், மசூதி, சர்ச், பழைய சினிமா தியேட்டர்கள். தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் ஒரே மூச்சில் கேட்கும். நாலு மொழியையும் கலந்து பேரம் பேசும் பூக்காரம்மாவைப் பார்த்தால், இந்த ஊர் எப்படிச் சேர்ந்தது என்பது புரிந்துவிடும்.

பாரம்பரியக் கட்டடம் என்று தனியாகக் காட்ட இங்கே அதிகம் இல்லை. பழைய கடைகளின் மாடி முகப்புகள் சிலவற்றைத் தலை தூக்கிப் பார்க்கலாம், கீழே எல்லாம் புது போர்டு. ஆனால் ஒரு வசதி: உட்காரலாம், சாப்பிடலாம், டாய்லெட் உண்டு, ஆட்டோ உண்டு. பெரியவரின் பழைய கூட்டாளிகள் யாராவது உயிரோடு இருந்தால், அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கடையில் விசாரித்தாலே போதும்.

மறைமுகச் செலவு நேரம்தான். கடைவீதியில் இறங்கினால் அரை நாள் தெரியாமலேயே போய்விடும்.

*எப்போது இதைத் தேர்ந்தெடுக்கலாம்:* கடை, பள்ளிக்கூடம், தியேட்டர் என்று பேட்டை வாழ்க்கையோடு உறவுள்ள குடும்பம் என்றால். கைக்குழந்தை இருந்தால்.

## நான்கு: சுற்றுவட்டம்

சிலர் தங்கவயலுக்கு வந்து தங்கவயலையே பார்க்காமல் போகிறார்கள். கம்மசந்திரத்தில் 108 அடி லிங்கமுள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திரும்புகிறவர்கள். கூட்டமான இடம், வசதி உண்டு, பெரியவர்களுக்கும் பிடிக்கும். அது 1980-க்குப் பிறகு வளர்ந்த கோயில். பழமையைத் தேடி வருகிறவர்களுக்கு அல்ல.

பழமைதான் வேண்டும் என்றால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிக் கோலாரில் கோலாரம்மன் கோயில். ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைச் சுவரில் பார்க்கலாம். ஆவணி என்ற ஊரில் நொளம்ப அரசர்கள் காலத்து ராமலிங்கேஸ்வரர் கோயில் தொகுதி. சுரங்கத்தோடு நேரடித் தொடர்புள்ள இடம் வேண்டுமென்றால் பெத்தமங்கலம்: பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கித் தங்கவயலுக்குக் குழாயில் அனுப்பிய ஏரி. மாலையில் கரையில் நிற்க நன்றாக இருக்கும்.

ஒரு நாள் பயணத்தில் இவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். இரண்டாவது நாள் இருந்தால் கோலார், ஆவணி.

## ஒரே பார்வையில்

| | பங்களாப் பக்கம் | மைன் பக்கம் | பேட்டைப் பக்கம் | சுற்றுவட்டம் |
|---|---|---|---|---|
| உள்ளே போவது | கடினம். தெருவிலிருந்து பார்க்கலாம் | லைன் தெருக்கள் திறந்தவை. ஷாஃப்ட் வேலிக்கு வெளியே | தடையில்லை | கோயில்கள் திறந்திருக்கும் நேரம் |
| நடை | குறைவு | அதிகம், வெயில் | நடுத்தரம் | இடத்துக்கு இடம் கார் |
| தூசி | குறைவு | அதிகம். மாஸ்க் அவசியம் | போக்குவரத்துத் தூசி | குறைவு |
| கதை சொல்ல ஆள் | அரிது | தாராளம் | தாராளம் | கோயிலார் |
| சாப்பாடு, கழிப்பறை | சுமார் | இல்லை என்றே வையுங்கள் | உண்டு | கம்மசந்திரம், கோலாரில் உண்டு |
| சீக்கிரம் அழியுமா | மெதுவாக | ஆம் | உருமாறிக்கொண்டே இருக்கிறது | இல்லை |
| தேவையான நேரம் | 2 மணி நேரம் | 4 முதல் 5 மணி நேரம் | அரை நாள் | ஒரு நாள் |

## ரயிலா, காரா?

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 16 கிலோமீட்டர் கிளைப்பாதை 1894-ல் சுரங்கத்துக்காகவே போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று ஸ்டேஷன் பெயர்களே ஊரின் சரித்திரத்தைச் சொல்லும். மைன் மூடிய பிறகு இந்த வண்டிகள்தான் ஊரைக் காப்பாற்றின. விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில். பார்க்க வேண்டிய மரபுச் சின்னங்களில் இந்த ரயில் பாதையையும் நான் சேர்ப்பேன்.

ஆனால் வண்டி நேரம் அவர்களுக்காக அமைந்தது, நமக்காக இல்லை. காலையில் நெரிசல் பெங்களூர் பக்கம், இரவில் இந்தப் பக்கம். பகலில் வண்டி குறைவு. என் யோசனை: வயதானவர் கூட இருந்தால் கார். சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பங்காரப்பேட்டையில் நிற்கும் ரயிலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ வாடகைக் காரோ பிடிக்கலாம். நல்ல கால் உள்ளவர்கள் ஒரு வழியாவது கிளைப்பாதையில் போங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சயனைட் மேடுகள் பக்கத்திலேயே வரும்.

## நான் எப்படிப் போவேன்

காலை 7 மணிக்குள் சாம்பியன் ரீஃப். வெயில் ஏறும் முன் லைன்கள். பத்தரை வாக்கில் சர்ச்சில் உட்கார்ந்து ஓய்வு. பிறகு மாரிகுப்பம் வரை காரில் மெதுவாக, ஹெட்கியர்களை வெளியே இருந்து பார்த்தபடி. மதியச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை. அப்பாவுக்குத் தெம்பிருந்தால் திரும்பும் வழியில் பங்களாத் தெருக்களில் ஒரு சுற்று, இறங்காமல். தெம்பில்லையென்றால் அதை விட்டுவிடலாம். லைனை மட்டும் விடாதீர்கள்.

கூட வருகிறவருக்கு மைன் வேலையால் மூச்சுப் பிரச்சினை இருந்தால் இந்த வரிசையை அப்படியே திருப்புங்கள்: பேட்டையில் தங்கிக்கொண்டு, அவருடைய பழைய கூட்டாளிகளை அங்கே வரவழைத்துவிடுங்கள். லைனுக்கு நீங்கள் மட்டும் போய் வீட்டு வாசலிலிருந்து வீடியோ கால் போட்டுக் காட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. அவர் போனிலேயே, "அந்தக் குழாய்க்கு இடதுபக்கம் திரும்பு" என்று வழி சொன்னாராம்.

கிளம்புவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லைன் பெயர் என்ன, வீட்டு எண் என்ன? எந்த மைன், எந்த ஷாஃப்ட்? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? மைன் சங்கு எத்தனை மணிக்கெல்லாம் ஊதும்? எண் பொறித்த பித்தளை வில்லையோ, பழைய சம்பளச் சீட்டோ பெட்டியில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் காட்டினால், ஆதார் அட்டை காட்டியதைவிடச் சீக்கிரம் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்.